கேப் புக் பண்ணிக் கொடுத்தவன்

யசுஜிரோ ஒசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யை (1953) முதுமையின் சோகம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். எனக்கு அது பிள்ளைகளைப் பற்றிய படம்.

ஓனோமிச்சியிலிருந்து வந்த பெற்றோரை யாரும் விரட்டவில்லை. மகன் டாக்டர், மகள் சலூன் நடத்துகிறாள், இருவருக்கும் நேரமில்லை. காசு போட்டு அடாமி வெந்நீரூற்று விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே ராத்திரி முழுக்க இளசுகளின் கூத்து, தூக்கமே இல்லை. சீக்கிரம் திரும்பி வந்தால் மகளின் முகம் மாறுகிறது. லீவு போட்டு ஊரைச் சுற்றிக் காட்டுபவள், போரில் போன மகனின் மனைவி நோரிகோதான். அவளும் பிள்ளைகளைக் குறை சொல்வதில்லை. தானும் ஒருநாள் அப்படி ஆகலாம் என்கிறாள். திட்டித் தீர்க்க ஒரு வில்லனைக்கூட ஒசு நமக்குத் தரவில்லை.

போன தடவை அப்பா, அம்மா பெங்களூரு வந்தப்போ, லால்பாக்குக்கு கேப் புக் பண்ணிக் கொடுத்துட்டு மீட்டிங்ல உட்கார்ந்தேன். நல்ல பிள்ளைன்னுதான் நினைச்சிருந்தேன்.