அவைக்கு ஒரு வாக்கு, ஊருக்கு ஒரு வாக்கு!

வாக்கு என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. வாயிலிருந்து பிறக்கும் சொல்லும் வாக்கு. மன்றத்திலே ஒருவர் தம் இசைவையோ மறுப்பையோ அறிவிப்பதும் வாக்கு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம். பெயர் ஒன்றாக இருப்பதாலேயே பொருளும் ஒன்றாக இருந்துவிடும், சொல்லுகிறவர் சொன்னபடிதான் வாக்களித்திருப்பார் என்று நம்பிவிடுகிறோம் நம்மில் பலர். அந்த நம்பிக்கை எவ்வளவு எளிதாக ஏமாற்றப்படுகிறது என்பதை எடுத்துக்காட்ட, கடல் கடந்த நாட்டிலிருந்து கிடைத்திருக்கிறது ஒரு சான்று.

கவிஞனை அவன் கவிதையைக் கொண்டு திறனாய்கிறோம். நாடகாசிரியனை அவன் நாடகத்தைக் கொண்டு மதிப்பிடுகிறோம். சட்டமியற்றும் மன்றத்து உறுப்பினரை எதைக் கொண்டு எடை போடுவது? அவர் எழுதும் ஏடுகள் இரண்டு. ஒன்று, அவையின் வாக்குப் பதிவேடு. அதிலே அவருக்கு உள்ள சொற்கள் இரண்டே இரண்டு: 'ஆம்', 'இல்லை'. அணியில்லை, அலங்காரமில்லை, அழித்தெழுதும் உரிமையும் இல்லை. மற்றொன்று, சமூக ஊடகத்திலே அவர் நடத்தும் பக்கம். அங்கே அழகு உண்டு, படம் உண்டு, புன்னகை உண்டு. வேண்டாதபோது அழித்துவிடும் வசதியும் உண்டு. முதல் ஏட்டைப் புரட்டுவோர் மிகச் சிலர். இரண்டாம் ஏட்டைப் படிப்போரோ பல்லாயிரவர். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதுதான் திறனாய்வு. அப்படிப் படித்தோம் நாம், டாமி டியூபர்வில் என்னும் அமெரிக்க அரசியல்வாதியை.

டியூபர்வில், அலபாமா மாநிலத்தின் சார்பில் 2020 தேர்தலில் வென்று, 2021 சனவரியில் செனட் எனப்படும் மேலவைக்குள் நுழைந்தவர், குடியரசுக் கட்சியினர். அரசியலுக்கு வருமுன் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் பயிற்சியாளராகப் புகழ் பெற்றிருந்தவர். ஆட்டத்திலே எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்பதை மறைக்க முடியாது என்பதை நன்கு அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்!

2021 ஆகஸ்ட் 10. மேலவையின் முன் வந்தது உட்கட்டமைப்புச் சட்ட முன்வடிவு. ஏறத்தாழ 1.2 இலட்சம் கோடி டாலர் மதிப்புள்ள திட்டம். சாலை, பாலம், தொடர்வண்டிப் பாதை, குடிநீர்க் குழாய், சிற்றூர்களுக்கு இணைய இணைப்பு ஆகிய யாவும் அதில் அடக்கம். பெயர் சொல்லி அழைக்க, ஒவ்வொருவராக வாக்களித்தனர். 69 பேர் 'ஆம்' என்றனர். 30 பேர் 'இல்லை' என்றனர். அந்த 30 பேரில் ஒருவர் டியூபர்வில். கட்சிக் கட்டளை கையைக் கட்டிவிட்டது என்று கூறவும் வழியில்லை. ஏனெனில் 'ஆம்' என்றவர்களில் 19 பேர் அவருடைய கட்சியினரே. மேலவையில் அக்கட்சியின் தலைவராக அன்று இருந்த மிச் மெக்கானலும் அந்தப் பத்தொன்பதின்மரில் ஒருவர். விரும்பி மறுத்தார் டியூபர்வில். மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. அதைப் பழிக்கவில்லை நாம்.

நவம்பர் 15ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜோ பைடன் கையொப்பமிட, முன்வடிவு சட்டமாயிற்று. இணைய இணைப்பே இல்லாத வீடுகளுக்கும், இருந்தும் போதாத வீடுகளுக்கும் இணைப்புத் தருவதற்கென அச்சட்டம் ஒதுக்கிய தொகைகளுள் ஒன்று 4,245 கோடி டாலர். எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்ற அறிவிப்பு 2023 ஜூன் 26 அன்று வெளிவந்தது. அலபாமாவின் பங்கு, ஏறத்தாழ 140 கோடி டாலர்!

மறுநாள் டியூபர்வில்லின் டுவிட்டர் பக்கம் மலர்ந்தது. இணையப் பணிகளை ஊக்குவிக்க, இன்றியமையாத நிதி அலபாமாவுக்குக் கிடைத்திருப்பது கண்டு மகிழ்கிறேன் என்னும் பொருள்பட எழுதினார் அவர். நிதி எந்தச் சட்டத்தால் வந்தது என்று அதில் இல்லை. அச்சட்டத்துக்குத் தாம் என்ன வாக்களித்தோம் என்பதும் அதில் இல்லை. அடிக்கல் நாட்டுமிடத்தில் சந்திப்போம் என்று பைடன் குத்தலாக விடையிறுத்தார், உலகம் சிரித்தது.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தான் என்பார்கள் நம் ஊரிலே. உடைத்தவனாவது தேங்காய் வாங்கக் கூடாது என்று கடைவீதியில் தடுத்தவனல்லன். இங்கோ, வாங்காதே என்று தடுத்த கையே, வாங்கி வந்தபின் உடைத்துப் பிரசாதமும் வழங்குகிறது!

சிரிப்போடு நிறுத்திக்கொள்வது பகுத்தறிவுக்கு அழகன்று. எதிர்த் தரப்பின் வாதத்தையும் கேட்டாக வேண்டும். டியூபர்வில்லின் அலுவலகம் விடை கூறியது: அலபாமா மக்களின் வரிப்பணத்தை வீணடித்ததால்தான் அச்சட்டத்தை அவர் எதிர்த்தார், ஆனால் அது சட்டமாகிவிட்ட பிறகு, தமக்குரிய பங்கைப் பெற அலபாமா மக்கள் தகுதியுடையவர்கள்தானே என்பது அதன் சாரம்.

இந்த வாதத்தை எள்ளி ஒதுக்கமாட்டோம். இதிலே நியாயம் இருக்கிறது. அலபாமாவின் உழவனும் தொழிலாளியும் வரி செலுத்துகிறார்கள். தங்கள் பிரதிநிதி தோற்ற பக்கத்தில் நின்றார் என்பதற்காக அவர்கள் ஏன் இணைப்பின்றி இருக்க வேண்டும்? கறுப்பின மக்கள் மிகுதியாக வாழும் 'கரும்பட்டை'ப் பகுதி அந்த மாநிலத்திலேதான் இருக்கிறது. வறுமையால் வாடும் அப்பகுதிச் சிற்றூர்ப் பிள்ளைக்குப் பாடம் படிக்க இணையம் வேண்டும் என்பதிலே யாருக்கு மறுப்பு? பங்கைக் கேட்டுப் பெறுவது உறுப்பினரின் கடமை.

ஆனால் கேள்வி அதுவன்று. அன்று 'வீண்' என்று தள்ளப்பட்ட செலவுக்குள்ளேதான் இந்த 140 கோடியும் இருந்தது. இன்று அதுவே 'இன்றியமையாதது' ஆகிறது. எது வீண், எது வேண்டியது என்று பிரித்துக் காட்டியிருக்கலாம். அச்சட்டத்தால் பத்தாண்டுகளில் 25,600 கோடி டாலர் பற்றாக்குறை கூடும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் வரவுசெலவு ஆய்வு அலுவலகமே 2021இல் மதிப்பிட்டது. அந்தக் கணக்கின்மேல் நின்று, 'இதனால் எதிர்த்தேன், இதை மட்டும் ஏற்கிறேன்' என்று உரைத்திருந்தால் அது கொள்கை. 2024 முடியும் வரை அந்த இணையத் திட்டத்தின் கீழ் ஒரு வீட்டுக்குக்கூட இணைப்புக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. பணி நடக்குமா என்று ஐயுற்று எதிர்த்தேன் என்றிருந்தால், பின்னர் வந்த காலமே அவருக்குச் சான்று கூறியிருக்கும். இரண்டையும் செய்யவில்லை அவர். ஒதுக்கீட்டு அறிவிப்பைக் கண்டதும், ஆதரித்தவர்களோடு சேர்ந்து அகமகிழ்ந்தார். எதிர்த்ததை மட்டும் எழுதாமல் விட்டார்.

இன்னொரு வாதமும் உண்டு. அது இதைவிட வலிமையானது. மிசிசிப்பி மாநிலத்து ரோஜர் விக்கரின் வாதம் அது. கொரோனாப் பெருந்தொற்றால் நொடித்துப்போன உணவகங்களுக்கு உதவி வேண்டும் என்று, ஜனநாயகக் கட்சியின் உறுப்பினராக அன்று இருந்த கிர்ஸ்டன் சினெமாவோடு சேர்ந்து உழைத்தவர் விக்கர். 1.9 இலட்சம் கோடி டாலர் துயர்துடைப்புச் சட்டத்திலே 2,860 கோடி டாலர் உணவகங்களுக்கென இடம்பெற்றது. 2021 மார்ச் 6 அன்று அச்சட்டம் மேலவையில் 50க்கு 49 என்ற கணக்கில் நிறைவேறியபோது, விக்கர் அளித்த வாக்கு 'இல்லை'. மார்ச் 10 அன்று கீழவையிலும் நிறைவேற, உணவக உரிமையாளர்கள் 2,860 கோடி டாலர் உதவியை வென்றுவிட்டனர் என்று டுவிட்டரில் மகிழ்ந்தார் அவர். தம் 'இல்லை'யைப் பற்றி அப்பதிவிலே ஒரு சொல் இல்லை. கேட்டபோது, நல்ல பகுதி ஒன்றிரண்டு இருப்பதற்காக முழுச் சட்டத்துக்கும் வாக்களிக்க வேண்டுமா என்றார்.

உண்மைதான். நூறு பண்டங்களை ஒரே இலையில் பரிமாறி, உண்கிறாயா, எழுகிறாயா என்று கேட்கும் முறை அது. பிடித்ததை உண்டு பிடிக்காததை ஒதுக்க வழியில்லை. விக்கர் வெறும் மறுப்பாளரும் அல்லர். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் உட்கட்டமைப்புச் சட்டத்துக்கு 'ஆம்' என்ற பத்தொன்பதின்மரில் அவரும் இருந்தார். ஆகவே ஆளை அல்ல, செயலையே எடை போடுகிறோம் நாம்.

எடை போட்டுப் பார்த்தால் தெரிவது என்ன? எதிர்த்தது குற்றமன்று. மகிழ்ந்ததும் குற்றமன்று. இரண்டுக்கும் இடையே எழுதப்பட வேண்டிய ஒரு வரி எழுதப்படாமல் போனதே, அதுதான் குற்றம். "நான் எதிர்த்தேன், எனினும் வந்துவிட்டது, வரவேற்கிறேன்" என்று ஒரு வரி இருந்திருந்தால், நேர்மையாளர் என்று பாராட்டியிருப்போம். இடம் போதவில்லையா? 280 எழுத்துக்குள் அடங்க வேண்டிய பதிவு என்றே வைத்துக்கொள்வோம். நான் எதிர்த்து வாக்களித்தேன் என்பதை ஆங்கிலத்திலே சொல்ல மூன்று சொல் போதும்; இடைவெளியையும் சேர்த்தால் பத்தே எழுத்து! இருநூற்றெண்பதிலே பத்துக்கு இடமில்லாமற்போயிற்று என்றால், பஞ்சம் இடத்துக்கன்று.

அவர்கள் நெஞ்சுக்குள் புகுந்து பார்க்கும் ஆற்றல் நமக்கில்லை. அப்படிப் பார்ப்பதாகச் சொல்பவனை நாம் நம்புவதுமில்லை. விளைவைத்தான் பார்க்கிறோம். செலவை வெறுக்கும் வாக்காளர் பதிவேட்டைப் பார்த்து மகிழ்வார். பயனை விரும்பும் வாக்காளர் ஊடகப் பக்கத்தைப் பார்த்து மகிழ்வார். இருவரும் ஒருவரையொருவர் சந்திக்காதவரை உறுப்பினருக்குத் தொல்லையில்லை.

ஒருவரது வாக்கின் உண்மையான பொருளை அறிய ஓர் எளிய உரைகல் உண்டு. அந்த வாக்கு வென்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அன்று 'இல்லை' என்ற பக்கம் வென்றிருந்தால் அந்தச் சட்டம் இல்லை. சட்டம் இல்லையேல் 140 கோடி இல்லை. 140 கோடி இல்லையேல் மகிழ்ச்சிப் பதிவும் இல்லை. தாம் தோற்றதால் விளைந்த நன்மையைத் தம் வெற்றி போலக் காட்டினார் டியூபர்வில்.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிந்தது? பதிவேடு இருந்ததால் தெரிந்தது. வந்திருப்போரில் ஐந்தில் ஒரு பங்கினர் விரும்பினால், யார் 'ஆம்', யார் 'இல்லை' என்பதைக் குறிப்பேட்டில் எழுதியாக வேண்டும் என்று அமெரிக்க அரசியலமைப்பின் முதல் பிரிவே கட்டளையிடுகிறது. அந்த ஏடு இல்லாவிடில் டியூபர்வில்லின் மகிழ்ச்சியை மகிழ்ச்சி என்றே நம்பியிருப்போம்.

ஏடு இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதை அறிய நெடுந்தொலைவு போக வேண்டாம். நம் நாடாளுமன்றத்திலே பெரும்பாலான சட்டங்கள் குரல் வாக்கெடுப்பால் நிறைவேறுகின்றன. 'ஆம்' என்ற குரல் ஓங்கியதா, 'இல்லை' என்ற குரல் ஓங்கியதா என்று அவைத்தலைவர் காதால் கேட்டு அறிவிக்கிறார். குரலுக்கு முகமில்லை, பெயரில்லை. உறுப்பினர்கள் கேட்டுப் பெற்றால்தான் பெயர் பதியும் வாக்கெடுப்பு. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில், அத்தகைய வாக்கெடுப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் கோரியும், அமளிக்கிடையே வேளாண் சட்ட முன்வடிவுகள் இரண்டு குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறின. உழவர்கள் ஓராண்டுக்கு மேல் போராடினர். 2021 நவம்பரில் அச்சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. அன்று 'ஆம்' என்று குரல் கொடுத்த உறுப்பினர் எவரேனும், உழவரின் தோழன் நானே என்று ஊடகத்தில் எழுதினால், எந்த ஏட்டைக் கொண்டு மறுப்பது?

1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் இன்னொரு திரையையும் தொங்கவிட்டது. கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறி வாக்களித்தால் பதவி போகும். விலைபோவதைத் தடுக்க வந்த சட்டம் அது, நோக்கம் நன்று. ஆனால் வாக்கு உறுப்பினருடையதா, கட்சியினுடையதா என்று பிரித்தறிய முடியாத நிலையையும் அது உண்டாக்கிற்று. டியூபர்வில்லுக்குக் கிட்டாத சாக்கு, நம் உறுப்பினர்களுக்கு எப்போதும் கையிருப்பில் இருக்கிறது.

தோழர்களே! கல்லைக் கடவுளென்றால் காரணம் கேட்கிறவர்கள் நாம். கைபேசியிலே ஒரு படமும் நான்கு வரியும் வந்தால் மட்டும் காரணம் கேளாமல் கைதட்டலாமா? அடுத்த முறை ஓர் உறுப்பினர், எந்தக் கட்சியினராயினும், நம் கட்சியினரே ஆயினும், நிதி வந்தது, பாலம் வந்தது, பள்ளி வந்தது என்று பதிவிட்டால், மூன்று கேள்விகள் கேளுங்கள். இது எந்தச் சட்டத்தால் வந்தது? அதற்கு இவர் அளித்த வாக்கு என்ன? வாக்கே பதிவாகவில்லையெனில், பதிவு செய்யக் கேட்டவர் யார், மறுத்தவர் யார்? விடை கிடைத்த பிறகு பகிருங்கள். கிடைக்கும்வரை கைவிரலை அடக்குங்கள்.

பெயர் பதியும் வாக்கெடுப்பு ஒவ்வொரு சட்டத்துக்கும் வேண்டும் என்று கேட்பதும் நம் வேலைத்திட்டத்தில் இடம்பெற வேண்டும். அவைக்குள்ளே உரைத்த வாக்கை ஊருக்குள்ளே மறைக்க முடியாத நாள் வரட்டும். அன்றுதான் வாக்கு என்னும் சொல்லுக்கு நாம் வைத்த இரு பொருளும் ஒன்றாகும்.