குளிருக்கு யார் விலை வைத்தது?
குந்தர் வால்ராஃபின் நூலொன்றை முன்வைத்து

குந்தர் வால்ராஃப் எழுதிய ‘கான்ஸ் உன்டன்’ (தமிழில் ‘அடியிலும் அடியில்’ எனலாம்) 1985 இல் வெளிவந்தது. ஜேர்மன் பத்திரிகையாளர் ஒருவர் கறுத்தக் கண்வில்லையும் பொய்முடியும் போட்டு, ‘அலி’ என்ற துருக்கியராக வேலை செய்து எழுதிய நூல். இலட்சக்கணக்கில் விற்றது. அண்மையில் நண்பர்கள் சிலர் கூடியிருந்து இதைப்பற்றிக் கதைத்தபோது ஒருவர் ‘மனிதாபிமானத்தின் உச்சம்’ என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அடுத்தநாள் இரவு வேலையில், இடைவேளைக்குள் புத்தகத்தைத் திரும்பப் புரட்டியபோதுதான் அந்தச் சொல்லின்மேல் எனக்குக் கோபம் வந்தது.

ஊரிலே நான் பொருளியல் விரிவுரையாளன். மிகைமதிப்பைக் கரும்பலகையில் கோடு கீறி விளக்கியவன். இப்போது உறைகுளிர்க் களஞ்சியம் ஒன்றில், மைனஸ் 22 பாகையில், பெட்டி அடுக்குகிறேன். (‘அடுக்குகிறேன்’ என்பதா, ‘அடுக்க நேர்ந்தது’ என்பதா என்று எழுதும்போதே கை தயங்குகிறது. எங்கள் வர்க்கப் பழக்கம்!) ஆகவே இந்நூலை நான் படித்தது ஒரு சக தொழிலாளியின் எரிச்சலோடு என்பதை வாசகர்கள் கணக்கில் எடுக்கவேண்டும்.

நூலின் பலம் டியூஸ்பேர்க் நகரத் திசன் உருக்காலை பற்றிய பகுதிகள். அலி ஆலையின் ஆள் அல்ல. ஆலை ஒரு கொம்பனியிடம் ஆள் கேட்கும்; அந்தக் கொம்பனி இன்னொருவனிடம் கேட்கும்; அவன் அலியை அனுப்புவான். மணித்தியாலக் காசு ஒவ்வொரு கையிலும் வெட்டுப்பட்டு, கடைசிக் கைக்கு வரும்போது தேய்ந்து போயிருக்கும். உலோகத் தூசிக்குள் முகக்கவசம் இல்லாமல் இறங்குவது அலி. அவனது தலைக்கவசத்தையே வாங்கி ஜேர்மன்காரன் ஒருவனுக்குக் கொடுக்கிறார்கள். விமர்சகர்கள் எல்லோரும் இந்தத் தலைக்கவசத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாய்ப் படுவது காசுக் கணக்கு. தூசிக்கும் சூட்டுக்குமென மேலதிகப்படி கொடுப்பது இந்நாட்டு ஆலைகளில் வழக்கம். தூசியும் சூடும் மிகுந்த இடத்துக்கு இரவல் ஆளை அனுப்பிவிட்டால், படி வாங்க உரிமையுள்ளவன் அங்கே நிற்கமாட்டான். நிற்பவனுக்கு உரிமை இராது. கொடுமை என்று நாம் வாசித்து உச்சுக்கொட்டுவது வெறும் இரக்கமின்மை அல்ல, அது ஒரு செலவுக் குறைப்பு. வால்ராஃப் இதைத் தொடுகிறார். ஆனால் அடுத்த பக்கத்தில் இன்னொரு வேடத்துக்கு, இன்னொரு அவமானத்துக்குப் போய்விடுகிறார். கணக்கு அரைகுறையாய் நிற்கிறது.

அலியின் பேச்சு இதைவிட உறுத்துகிறது. உடைந்த டொச்சில், அப்பாவித்தனமாய், எல்லாவற்றுக்கும் வியந்துகொண்டு பேசுகிறான். துருக்கியோடு ஆட்சேர்ப்பு உடன்படிக்கை 1961 இல் வந்தது. நூல் வரும்போது 24 வருடம் கழிந்துவிட்டது. அதற்குள் அந்த மனிதர்கள் பேசவும் கேட்கவும் மறிக்கவும் பழகியிருந்தார்கள். 1973 ஓகஸ்டில் கேளின் ஃபோர்ட் தொழிற்சாலையில் துருக்கியத் தொழிலாளர் தொழிற்சங்கத்தைக் கேளாமலே வேலையை நிறுத்தினார்கள். அதே மாதம் நொய்ஸ் நகரில், பியர்பேர்க் என்ற கார்புரேற்றர் தொழிற்சாலையில், புலம்பெயர்ந்த பெண்கள் வெளியே வந்தார்கள்.

பியர்பேர்க் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். பெண்ணுக்குப் பெண் என்பதற்காகச் சம்பளம் குறைக்கக்கூடாது என்று ஜேர்மனியின் கூட்டாட்சித் தொழில் நீதிமன்றம் 1955 இலேயே தீர்ப்பளித்துவிட்டது. முதலாளிகள் சளைக்கவில்லை. ‘பெண்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘இலேசான வேலை’ என்று ஒரு சம்பளப் பிரிவை வைத்தார்கள். அதற்குள் இருந்தவர்கள் பெண்கள்தான். பட்டியின் வேகத்துக்கு நாள் முழுக்கக் கை ஓடவேண்டும். ஆனால் பாரம் தூக்காதபடியால் வேலை ‘இலேசு’! எது கடினம், எது இலேசு என்பதை உழைக்கிற உடம்பு தீர்மானிப்பதில்லை, காசு கொடுப்பவன் தீர்மானிக்கிறான். கிரேக்க, துருக்கிய, யூகோஸ்லாவியப் பெண்கள் அந்தப் பிரிவையே ஒழி என்று கேட்டார்கள். ஜேர்மன் தொழில்நுட்பத் தொழிலாளரும் அவர்களோடு சேர்ந்தார்கள். பிரிவு ஒழிந்தது.

அதற்கு 12 வருடம் பின்னால் வந்த நூலில் புலம்பெயர்ந்தவன் அடிவாங்குபவனாக மட்டுமே நிற்கிறான் என்றால், அதை ‘உச்சம்’ என்று எப்படிச் சொல்வது? வால்ராஃபுக்கு வேடத்தைக் கழற்ற முடிந்தது என்ற பழைய குற்றச்சாட்டை நான் சொல்லவில்லை. கழற்ற முடிந்தபடியால்தான் எழுத முடிந்தது. தன்னைத் தவிர மற்றவர்களுக்கும் வாய் இருக்கிறது என்பதை அவர் போதுமான அளவு எழுதவில்லை என்பதே என் முறைப்பாடு.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? இனி அதற்கு வருகிறேன்.

2017 இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, இரவல் தொழிலாளிக்குக் கூட்டு ஒப்பந்தம் மூலம் குறைத்துக் கொடுக்கலாம். பொதுவாக 9 மாதத்துக்குப்பின் நிரந்தரத் தொழிலாளியின் சம்பளமே கொடுக்கவேண்டும். இடையில் மூன்று மாதத்துக்கு மேல் விலகியிருந்தால் கணக்குத் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும். எங்கள் களஞ்சியத்தில் நிரந்தரமானவர்களுக்குக் குளிருக்கென ஒரு படி உண்டு. நான் நிரந்தரமானவன், வாங்குகிறேன். என்னோடு அதே குளிரில் அதே பெட்டியை அடுக்கிய ருமேனியப் பெடியனுக்கு அது இல்லை. ஒருநாள் அவன் தன் சம்பளச் சிட்டையைக் கொண்டுவந்து என்னுடையதன் பக்கத்தில் வைத்து, “நீங்கள் படித்தவர்தானே, இது ஏன் என்று சொல்லுங்கள்” என்று கேட்டான். மிகைமதிப்பை விளக்கியவனுக்கு நா எழவில்லை. ‘ஒப்பந்தம் அப்படி’ என்றேன். எட்டரை மாதத்தில் அவனை நிறுத்தினார்கள்.

நாங்கள் சிறுசஞ்சிகைகளில் அந்நியமாதல் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறோம்! கோப்பை கழுவியதை, இறைச்சி வெட்டியதைக் கவிதையில் சோகமாக எழுதியிருக்கிறோம். சம்பளச் சிட்டையை எவரும் அச்சில் போட்டதில்லை. போட்டால் ‘விரிவுரையாளர்’ என்ற பட்டம் உரிந்துவிடும் என்ற பயம் என்னிடம் இருந்தது. மற்றவர்களிடம் இல்லை என்று நான் நம்பவில்லை.

ஐப்பசியில் எங்கள் தொழிலாளர் கூட்டம் வருகிறது. இரவல் ஆட்களுக்கும் முதல் நாளிலிருந்தே குளிர்ப்படி கொடுக்கவேண்டும் என்று கேட்க என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். நிரந்தரத் தொழிலாளர் சிலர் இப்போதே என்னோடு முகம்கொடுத்துக் கதைப்பதில்லை. அந்தக் காசு தங்கள் பங்கிலிருந்து போகும் என்று நினைக்கிறார்கள். என்ன நடந்தது என்று அடுத்த இதழுக்கு எழுதுகிறேன், இரண்டு சம்பளச் சிட்டைகளோடும்.