கைக்குள் அடங்கும் ஜெட் விமானம்: ஏர்ஃபிக்ஸ் ‘நாட்’ கிட் எப்படி?

ஓசூர் சிப்காட்டில் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷினில் நிற்பவரிடம் இந்தப் பெட்டியைக் கொடுத்தால், அட்டையில் பறக்கும் சிவப்பு விமானத்தில் அவர் கண் நிற்காது. உள்ளே பாகங்கள் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறச் சட்டத்தை, அதாவது ரன்னரை, எடுத்து வெளிச்சத்துக்கு நேரே சாய்ப்பார். பார்ட்டிங் லைன் எங்கே ஓடுகிறது, எஜெக்டர் பின் எங்கே தடம் விட்டிருக்கிறது, ஓரத்தில் ஃப்ளாஷ் கசிந்திருக்கிறதா, தடித்த இடத்தில் சிங்க் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிளாஸ்டிக் மாடல் கிட்டை எடைபோட இதைவிட நேர்மையான சோதனை கிடையாது. கிட்டின் தலையெழுத்தை எழுதுவது அதை வார்க்கும் அச்சான டைதான்.

டூ வீலரும் லாரியும் கைக்கடிகாரமும் செய்யும் ஊர் ஓசூர். டிவிஎஸ் 50 இங்கிருந்துதான் 1980-ல் ரோட்டுக்கு வந்தது. அசோக் லேலண்டுக்கும் டைட்டனுக்கும் இங்கே ஆலைகள் உண்டு. தளி சாலைப் பக்கம் பெலகொண்டபள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்துக்குச் சொந்த ஓடுபாதையே இருக்கிறது. இத்தாலியின் பார்ட்டனாவியா பி-68 என்ற இரட்டை எஞ்சின் சிறு விமானத்தை 1990-களில் உரிமம் பெற்று அங்கே கட்டினார்கள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக் கண்ணாலேயே பிடிக்கிறவர்கள் இத்தனை பேர் வாழும் ஊரில், பிளாஸ்டிக் மாடல் கட்டுவது இன்னும் பரவலான பொழுதுபோக்காக ஆகவில்லை. ஆக வேண்டும். எந்தக் கிட்டில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பெட்டி இங்கே திறக்கப்படுகிறது.

எடுத்துக்கொண்டது ஏர்ஃபிக்ஸின் 1/72 ஃபோலண்ட் நாட் டி.1 ஸ்டார்ட்டர் செட். கிட்டோடு சிறு அக்ரிலிக் பெயின்ட் குப்பிகள், ஒரு தூரிகை, பசை எல்லாம் சேர்ந்தே வருகின்றன. 1/72 என்றால் நிஜத்தில் ஆறு அடி, மாடலில் ஓர் அங்குலம். நிஜ நாட் டி.1-ன் நீளம் 9.68 மீட்டர், இறக்கை விரிவு 7.32 மீட்டர், மேசையில் அது சுமார் 13.4 சென்டிமீட்டர் நீளமும் 10.2 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பொருளாகிறது. நிஜ விமானமே சின்னது என்பதால் மாடல் முழுசாக உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. வைக்க இடமில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

ஏர்ஃபிக்ஸின் கதையும் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அவ்வளவு அந்நியமில்லை. நிக்கலஸ் கோவ் என்ற ஹங்கேரிக்காரர் 1939-ல் பிரிட்டனில் தொடங்கிய கம்பெனி அது. அதன் முதல் மாடல் விமானமல்ல, டிராக்டர். ஃபெர்குசன் டிராக்டர் விற்பனையாளர்கள் வாடிக்கையாளரிடம் காட்டுவதற்காக 1949-ல் செய்து கொடுத்தது. அந்த டிராக்டர் வம்சம்தான் பிற்பாடு மாஸி ஃபெர்குசன் என்ற பெயரில் 1960-ல் சென்னையில் டாஃபே ஆலைக்கு வந்தது. 2006-ல் ஹார்ன்பி நிறுவனம் ஏர்ஃபிக்ஸை வாங்கியது. அதன்பின் வந்த பெட்டிகள் பலவற்றில் ‘மேட் இன் இந்தியா’ என்று அச்சாகியிருப்பதைப் பார்க்கலாம்.

நாட் விமானத்துக்கும் இந்தப் பகுதிக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. டெடி பெட்டர் வடிவமைத்து 1955 ஜூலையில் முதன்முதலாகப் பறந்த இந்தக் குட்டிப் போர் விமானத்தைப் பிரிட்டன் தன் போர்ப்படைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானமாக மட்டும் வைத்துக்கொண்டது. போர் விமானமாக அதை நம்பி அதிகம் வாங்கிய நாடு இந்தியா. முதலில் முழு விமானங்கள் வந்தன, பிறகு பாதி கட்டியவை, அப்புறம் பகுதி பகுதியாக. பெங்களூர் எச்ஏஎல் விமானத் தொழிற்சாலையில் அவற்றைச் சேர்த்துச் சேர்த்துப் பழகித்தான், இங்கேயே செய்த பாகங்களால் ஆன முதல் நாட்டை 1962-ல் பறக்கவிட்டார்கள். 1965 போரிலும் 1971 போரிலும் அது சண்டையிட்டது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் நாட்டில் ஏறிப் போரிட்டு உயிர்நீத்த நிர்மல் ஜித் சிங் சேகோனுக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. விமானப் படையில் அந்த விருது பெற்றவர் அவர் ஒருவர்தான். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் ஒரு மணி நேரப் பயணத்தில் வந்துவிடும் இடத்தில் பிறந்தது இந்த இந்திய நாட்.

ஆனால் இந்தப் பெட்டிக்குள் இருப்பது அந்த விமானமல்ல. இது பிரிட்டிஷ் பயிற்சி வகை. 1965 முதல் 1979 வரை ரெட் ஆரோஸ் சாகசக் குழு ஓட்டியது. இந்திய விமானப் படையின் நாட் ஒற்றை இருக்கை கொண்டது, இறக்கையும் உடலும் இதைவிடச் சிறியவை. மூவண்ண வட்டத்தை ஒட்டி இதை இந்திய நாட்டாக்கிவிடலாம் என்று நினைத்து வாங்க வேண்டாம்.

இனி பிளாஸ்டிக்கைப் பார்ப்போம். பாலிஸ்டைரீன் சற்று மென்மையான ரகம். கத்தி சுலபமாக இறங்கும், அதனாலேயே கை கொஞ்சம் அழுந்தினாலும் பாகத்தில் வெட்டு விழும். ரன்னரிலிருந்து பாகத்தைப் பிரிக்க இரண்டு வெட்டு தேவை: முதல் வெட்டு பாகத்திலிருந்து தள்ளி, இரண்டாவது வெட்டு மிச்சமிருக்கும் இணைப்புத் தண்டை, அதாவது கேட்டை, பாகத்தோடு ஒட்டி. ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்தால் அந்த இடம் வெளுத்துக் குழியும். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வைத்திருக்கும் நல்ல சைடு கட்டர் இதற்குப் போதும்.

விமானத்தின் மேல் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பேனல் கோடுகளைப் பற்றி ஒரு பஞ்சாயத்து உண்டு. 2010-களின் தொடக்கத்தில் ஏர்ஃபிக்ஸ் வெளியிட்ட கிட்களில் இந்தக் கோடுகள் அகலமாகவும் ஆழமாகவும் இருக்கும். 1/72 அளவுக்கு அது மிகை என்று தேர்ந்தவர்கள் குறைசொல்வார்கள். குறை நியாயமானது. நிஜ விமானத்தில் அந்த இடைவெளி கண்ணுக்கே தெரியாது. என்றாலும் தூரிகையில் பெயின்ட் அடிப்பவருக்கு இது அனுகூலம். மூன்று நான்கு பூச்சு ஏறிய பிறகும் கோடு மூடிப்போகாமல் நிற்கும்; மெல்லிய கோடுள்ள விலை உயர்ந்த கிட் அந்தப் பூச்சில் மொழுக்கென்று ஆகிவிடும்.

உடலின் இரண்டு பாதிகளை ஒட்டுவதற்கு முன் பசையில்லாமல் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று சக்கரத்தில் நிற்கும் ஜெட் மாடல்கள் வாலில் உட்கார்ந்துவிடும் அபாயம் உண்டு என்பதால் மூக்குக்குள் எடை வைப்பதும் இப்போதே. ஓசூரில் இதற்கு அலைய வேண்டியதில்லை. பழைய பேரிங்கிலிருந்து உதிர்ந்த குண்டுகள் இரண்டை உள்ளே ஒட்டினால் தீர்ந்தது.

பசைதான் இந்த வேலையின் உயிர். மாடல் சிமென்ட் என்பது ஒட்டும் பொருளே அல்ல, கரைப்பான். இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் இளக்கி ஒன்றாகப் பற்றவைக்கிறது. தண்ணீர்போல் ஓடும் மெல்லிய சிமென்டைத் தனியாக வாங்கிக்கொள்வது நல்லது. பாதிகளைச் சேர்த்துப் பிடித்து, மூடியோடு வரும் தூரிகையின் நுனியை இணைப்பில் தொட்டால் போதும், பசை தானாக இடுக்கில் ஓடிப் பரவும். லேசாக அழுத்தினால் இளகிய பிளாஸ்டிக் ஒரு மெல்லிய இழையாக வெளியே பிதுங்கும். அதைத் துடைக்கக் கூடாது. ஓர் இரவு விட்டுவிட்டு, மறுநாள் கத்தியின் முதுகால் சுரண்டி, தண்ணீர் எமரியால் தேய்த்தால் இணைப்பு இருந்த தடமே தெரியாது.

தேய்க்கும் இடத்தில்தான் கிருஷ்ணகிரி கைகொடுக்கிறது. பாலிஷ் போட்ட கிரானைட் துண்டு இந்த மாவட்டத்தில் கிடைக்காத இடமில்லை. தொழிற்சாலை இன்ஸ்பெக்‌ஷன் அறைகளில் சர்ஃபேஸ் பிளேட்டாக இருப்பதும் இதே கல்தான். கையகலக் கிரானைட் மேல் 800 எமரியை ஒட்டி, இறக்கைப் பாதியின் உள்விளிம்பை எட்டுப் போடுவதுபோல் மெதுவாகச் சுழற்றித் தேய்த்தால், விளிம்பு முழுக்க ஒரே மட்டத்துக்கு வரும். பிறகு ஒட்டும்போது இடைவெளியே விழாது. அப்படியும் இடைவெளி விழுந்தால் டூ வீலர் பெயின்ட் கடைகளில் விற்கும் என்.சி. பட்டியை மெல்லிசாக இழுக்கலாம். அது காயும்போது சுருங்கும் என்பதால் இரண்டு கை தேவைப்படும். அதே கடையில் கிடைக்கும் என்.சி. தின்னரை மட்டும் மாடல் பக்கம் கொண்டுவரக் கூடாது. பாலிஸ்டைரீனை அது கரைத்துவிடும்.

காக்பிட் கண்ணாடிக்கு வேறு விதி. சூப்பர் க்ளூ போட்டால் அதன் ஆவி படிந்து கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். மாடல் சிமென்ட் சிந்தினால் கண்ணாடியே அவிந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஃபெவிகால் போதும். ஈரத்தில் வெள்ளையாகத் தெரிந்தாலும் காய்ந்ததும் தெளிந்துவிடும், பிசிறு ஒட்டினால் தண்ணீரிலேயே துடைத்துவிடலாம்.

பெயின்ட் கட்டத்தில்தான் இந்தப் பெட்டி தடுமாறுகிறது. ஆரம்பக்காரருக்கென்று விற்கும் செட்டுக்குத் தேர்ந்தெடுத்த நிறம் சிவப்பு. மூடும் திறன் மிகக் குறைந்த நிறங்களில் சிவப்பும் ஒன்று. சாம்பல் பிளாஸ்டிக் மேல் நேரடியாகப் பூசினால் முதல் பூச்சு திட்டுத்திட்டாக நிற்கும், பயந்துபோய்க் கெட்டியாக அடித்தால் தூரிகைத் தடம் வரப்பு வரப்பாகக் காயும். பெட்டியோடு வரும் தூரிகையும் இந்தப் பரப்புக்குப் போதாது. தீர்வு கஷ்டமானதல்ல, ஆனால் செட்டில் அது இல்லை. முதலில் வெள்ளை பிரைமர் ஒரு பூச்சு. அதன்மேல் வெள்ளையில் கொஞ்சம் சிவப்பு கலந்த ரோஸ் நிறம். பிறகு பால் பதத்துக்குத் தண்ணீர் கலந்த சிவப்பு, அகலமான மென்மையான தூரிகையால், ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பின். ஈரத்தில் மறுபடி தூரிகை வைத்தால் அடிப்பூச்சு உரிந்துகொண்டு வரும். பிரைமர் ஸ்ப்ரே கேன் வாங்கினால் முதலில் வெற்று ரன்னரில் அடித்துப் பார்த்துவிட வேண்டும். உலோகத்துக்கென்று தயாரித்த சில பிரைமர்கள் பிளாஸ்டிக்கைக் கடிக்கும்.

ஏர்பிரஷ் வேண்டுமா? இந்தக் கிட்டுக்கு வேண்டாம். அந்தக் காசில் இன்னும் சில கிட் வாங்கிக் கையைப் பழக்கிக்கொள்ளலாம். பிற்பாடு ஆசை வந்தால், 0.3 மில்லிமீட்டர் நாசில் உள்ளது, 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம் என்ற கணக்கில் தொடங்கலாம். வீட்டோடு சிறு பட்டறை வைத்திருப்பவர்கள் இருக்கிற கம்ப்ரஸரிலேயே ரெகுலேட்டரும் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரும் மாட்டி ஓட்டலாம். ஃபில்டர் இல்லையென்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்து மொத்தப் பூச்சையும் கெடுத்துவிடும். லாக்கர் வகைப் பெயின்ட் அடிப்பவர்கள் துணி மாஸ்க்கையோ என்95-ஐயோ நம்பக் கூடாது. அவை தூசியைத்தான் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க்கும் திறந்த ஜன்னலும் வேண்டும். மழைக்கால ஈரத்தில் லாக்கர் வெளுத்துப் பூக்கும் என்பதால் அந்த நாட்களில் அக்ரிலிக்கே மேல்.

ரெட் ஆரோஸ் குழுவின் சின்னங்களும் வெள்ளைப் பட்டைகளும் டீக்கலாக வருகின்றன. வெட்டித் தண்ணீரில் நனைத்து, தாளிலிருந்து வழுக்கி மாடல் மேல் இறக்க வேண்டும். மேட் பெயின்ட் மேல் நேரே ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மினுக்கம் தெரியும். முன்பே ஒரு கை கிளாஸ் வார்னிஷ் அடித்தால் அந்தத் தொல்லை இல்லை.

கிட் கிடைப்பதுதான் சிக்கல். ஓசூரில் இருந்துகொண்டு பெங்களூர் ஹாபி கடைகளையோ ஆன்லைனையோதான் நம்ப வேண்டும். சுங்க அட்டவணையில் ஸ்கேல் மாடல்களும் பொம்மைகளும் ஒரே தலைப்பில் வருகின்றன. 20 சதவீதமாக இருந்த அவற்றின் இறக்குமதி வரி 2020-ல் 60 ஆகவும் 2023-ல் 70 ஆகவும் ஏற்றப்பட்டது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு பிஐஎஸ் தர முத்திரையும் கட்டாயமானது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பதற்கான நடவடிக்கைகள் அவை, அதில் தவறில்லை. ஆனால் ஜப்பானிய, செக் கிட்களுக்கு மாற்றாக உள்நாட்டு நிறுவனத்தின் பெயரில் துல்லியமான விமான கிட் எதுவும் கடையில் கண்ணில் படுவதில்லை. அந்த அளவுக்கு டை வெட்டத் தெரிந்த டூல் ரூம்கள் இருக்கும் வட்டாரத்தில் இதைப் பார்க்கும்போது ஆதங்கம் கூடுகிறது.

மொத்தத்தில் இது வாங்கத் தகுந்த பெட்டி. பொருத்தம் ஒழுங்கு, பாகங்கள் கைக்கு அடங்குகிற எண்ணிக்கை, வடிவம் அழகு. வெள்ளை பிரைமர், ஒரு நல்ல பட்டைத் தூரிகை, மெல்லிய சிமென்ட் ஆகிய மூன்றையும் சேர்த்தே வாங்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளையும் பெரியவர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் இன்னும் நன்றாக வரும். கத்தி மட்டும் பெரியவர் கையில்.

இதை முடித்தவர் அடுத்து எச்ஏஎல் கட்டிய விமானத்துக்கே போகலாம். நாட்டை மேம்படுத்தி எச்ஏஎல் உருவாக்கிய அஜீத்தை, செக் நாட்டின் ஸ்பெஷல் ஹாபி 1/72 கிட்டாக வெளியிட்டிருக்கிறது. அது குறைந்த எண்ணிக்கைக்கான டையில் வார்க்கும் ரகம். பாகங்களைச் சரியான இடத்தில் நிறுத்தும் லொகேட்டிங் பின்களை அதில் எதிர்பார்க்கக் கூடாது, எமரிக்கும் பட்டிக்கும் வேலை கூடுதல். அதைத் தொடுவதற்கு முன் கிரானைட் துண்டில் இறக்கைகளை மட்டம்பிடிக்கக் கை பழகியிருப்பது அவசியம்.