கதையில் வராத பஸ்

நம் கதைகளில் குழந்தை ஒரே ராத்திரியில் செத்துப்போகிறது. காய்ச்சல், மழை, கையில் காசில்லை, விடிவதற்குள் முடிந்துவிடும். சினிமாவிலோ இருதயத்தில் ஓட்டை. கதாநாயகன் எப்படியோ பணம் புரட்டுவான், ஆபரேஷன் முடிந்ததும் பிள்ளை சிரிக்கும். வருஷக்கணக்காக நோயோடு வாழ்கிற பிள்ளைக்கு இரண்டிலும் இடமில்லை.

பட்டினச்சேரியில் அப்படியொரு பிள்ளையை எனக்குத் தெரியும். பதினோரு வயசு. அம்மா கருவாடு காயவைக்கிற கூலி, எனக்கு அக்கா முறை. தொண்டைப் புண்ணில் தொடங்கி, மூட்டு வீங்கி, இருதய வால்வைக் கெடுக்கிற ருமாட்டிக் காய்ச்சல். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, வளர்ந்து ஆளாகும்வரை. வால்வு ரொம்பக் கெட்டிருந்தால் அதற்கப்பாலும். மருந்து விலை சொற்பந்தான். தொடர்ந்து போடாமல் விட்டால் வால்வு சுருங்கலாம், நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத் திணறும் பிள்ளையைத் தீவிர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிவரும்.

ஏழெட்டுப் பேர் நெருக்கிப் படுக்கிற வீட்டில் தொண்டைக் கிருமி சுலபமாகப் பரவும். ஏழைகளின் நோய் என்று மருத்துவப் புத்தகம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். காலனி மனையை அத்தனை சின்னதாக அளந்தது யார் என்று இலக்கியமாவது கேட்க வேண்டாமா?

1948இல் காசநோயில் இறந்த புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' நீண்ட நோயை எழுதிய பெரிய கதை. மறுக்கவில்லை. ஆனால் அங்கே நோய் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் இருக்கிறது. எங்கள் அக்காவுக்கு அது பஸ்ஸில் இருக்கிறது. ஊசி காரைக்காலில், வால்வுச் சோதனைக்கு மட்டும் புதுச்சேரி ஜிப்மர். கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர். 1954இல் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன நிலம் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. ஒரே யூனியன் பிரதேசத்துக்குள் இருக்கிற ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டைக் குறுக்கே தாண்டணும். அன்றைக்குக் கூலி போச்சு.

சாட்டையடியையும் தனிக் குவளையையும் நம் தலித் எழுத்து எழுதிற்று, சரியாகவே எழுதிற்று. ஆஸ்பத்திரிச் சீட்டை அவ்வளவாக எழுதவில்லை. சம்பவமே இல்லாத துன்பம் என்று நினைத்துவிட்டோம் போலும்.

நானும் யோக்கியனில்லை. அந்தப் பிள்ளையை வைத்துக் கதை எழுதிக் கடைசிப் பத்தியில் சாகடித்தேன். கைதட்டல் கிடைத்தது. அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டது:

"ஏந் தம்பி அவளக் கொன்ன? போன தடவ பஸ்ஸுல சன்னல் சீட்டுக்கு என்னா சண்ட போட்டா தெரியுமா?"