நாற்பதுக்கு மேல் பெயரில்லை

உலா என்னும் பிரபந்தத்தைப் புலவர் பெருமக்கள் தலைமேல் வைத்துப் போற்றுவர். தலைவன் வீதியில் பவனி வருவான். ஏழு பருவத்துப் பெண்களும் அவனைக் கண்டு மயங்குவர். பாட்டியல் நூலார் கணக்கொன்றின்படி பேதைக்கு வயது 5 முதல் 7. பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. அத்துடன் கணக்கு முடிந்தது. ஐந்து வயதுச் சிறுமியையும் தலைவன் முன் நிறுத்தத் துணிந்த புலவனுக்கு, நாற்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு ஒரு பெயர் வைக்கத் தோன்றவில்லை! பருவத்தை அளக்க அவன் கைக்கொண்ட கோலும் பெரும்பாலும் அவள் மார்பே. அரும்பென்பான், குடமென்பான், மலையென்பான். 12ஆம் நூற்றாண்டில் சோழர் மூவர்மீது உலாப் பாடிய ஒட்டக்கூத்தரின் சொல்வன்மையை நாம் மறுக்கவில்லை. தலைவன்மீது கொண்ட மயக்கமன்றித் தன் உடலைப்பற்றி அவளுக்கெனத் தனி எண்ணம் உண்டென்று இந்நூல்கள் காட்டவில்லை என்பதே நம் குறை.

நிற்க. உலா பழங்கதையென்று எண்ணும் அன்பர்கள், தீபாவளிக்கு முந்திய வாரத்தில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைவீதியிலோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ நடந்து பார்க்கட்டும். கடைவாயிலில் புடவை சுற்றி நிறுத்திய பொம்மைகளுக்கெல்லாம் ஒரே வயது, ஒரே அளவு. அவ்வளவு தனக்கில்லையே என்று ரவிக்கைக்குள் பஞ்சு வைத்துத் தைக்கச் சொல்லும் இளம்பெண்ணும், மூன்று பிள்ளைகளுக்குப் பாலூட்டியபின் கண்ணாடிமுன் நிற்கக் கூசும் தாயும், அந்தப் பழைய கோலாலேயே தம்மை அளந்துகொள்கின்றனர். மார்பின் பருமன் பெரிதும் கொழுப்பால் ஆவது; பால் சுரப்பதோ சுரப்பிகளின் வேலை. ஆதலின் சிறு மார்பினளுக்குப் பால் போதாதென்னும் பாட்டிமார் வாக்கு பொய். மாதவிடாய் நின்றபின் சுரப்பித் திசு குறைந்து மார்பு தளர்வதும் நரையைப் போல் இயல்பே. இதனை வாய்விட்டுப் பேசக் கூசும் கூச்சம், கட்டியொன்று கைக்குத் தட்டுப்பட்டாலும் மருத்துவரிடம் காட்டாது மறைக்கச் செய்கிறது. மலேசியப் பெண்களை மிகுதியாகப் பற்றும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே என்பதை நினைத்தால், இது வெறும் இலக்கியச் சர்ச்சையன்று.

பெண்ணே தன் தளர்ந்த உடலைப் பாடியதில்லையோ எனின், உண்டு. காரைக்காலம்மையார் திருவாலங்காட்டுப் பதிகத்தில் வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் குழிந்த கண்ணுமாக ஒரு பெண்பேயைக் காட்டி, தம்மையும் காரைக்காற்பேய் என்றே குறிக்கின்றார். கணவன்பொருட்டுச் சுமந்த தசைப்பொதியைக் களைந்தருளுமாறு அவர் இறைவனை வேண்டினார் என்பது சேக்கிழார் கூற்று. அம்மையாரின் பக்தியோடு நமக்கு வழக்கில்லை. ஆயினும் வற்றிய மார்பு தமிழ்ச் செய்யுளில் கூசாது நிற்பதற்கு அதனை உடையவள் பேயாக வேண்டியிருந்ததே, என்னே கொடுமை!

பேயாகாமலே பேசியவர் குட்டி ரேவதி. 2002இல் வெளிவந்த தம் கவிதைத் தொகுதிக்கு 'முலைகள்' என்றே அவர் பெயர் சூட்டினார். உடனே ஆபாசம், ஆபாசம் என்று கூக்குரல் எழுந்தது. உலாக்களைத் தேடிப் பதிப்பித்து, உரை கண்டு, பாடமும் சொல்லிய தமிழுலகிலேதான் இது நடந்தது! அயலான் வருணித்தால் காவியச்சுவை. உடையவள் வாய்திறந்தால் ஆபாசமோ? அத்தொகுதியின் கவிதைகள் யாவும் ஒரே தரத்தன என்று நாம் வாதிட வரவில்லை. தலைப்பைக் கண்டு சீறியவர்களுள் எத்தனை பேர் உள்ளே புரட்டினர் என்பதே நம் ஐயம்.

அறுவைக்குப்பின் ஒற்றை மார்போடு வாழும் கிள்ளான் பெண்ணொருத்தி, தன் ஐம்பதாம் வயதில், கண்ணாடியில் தான் காண்பதை நாளை எழுதக்கூடும். அவளை ஏழில் எந்தப் பருவத்தில் சேர்ப்பதென்று பாட்டியல் பண்டிதர்கள் இப்பொழுதே யோசித்து வைக்கட்டும்.