மீட்டெடுப்பும் மறதியும்: பெரு நாட்டுக் கறுப்பர் இசை குறித்துச் சில சிந்தனைகள்

நாட்டாரிசையை 'மீட்டெடுத்தல்' எங்கும் குற்றமற்றதொரு முயற்சியாகவே கருதப்பட்டு வருகிறது. அழியவிருந்த ஒன்றைக் காப்பாற்றியவர்களுக்கு நாம் நன்றி கூறுகிறோம். அவர்கள் எதனைத் தெரிந்தெடுத்தார்கள், எதனைக் கைவிட்டார்கள் என்று கேட்பதில்லை. பெரு நாட்டின் கரையோரத்தில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களின் இசையும் ஆடலும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே புத்துயிர் பெற்ற வரலாற்றை நோக்குமிடத்து, இவ்வினாவைத் தவிர்த்துச் செல்ல இயலாது.

அவ்வரலாற்றின் புறநிலைச் செய்திகள் நன்கு அறியப்பட்டவை. 1956 இல் ஹொசே துராண்ட் என்ற அறிஞர் 'பஞ்சோ பியெரோ' குழுவினை லீமா நகர மண்டபத்தில் மேடையேற்றினார். அதன்பின் முயற்சி கறுப்பரின் கைகளுக்கே வந்தது. இரும்புப்பட்டறைத் தொழிலாளியாக இருந்து கவிஞரான நிக்கோமெடெஸ் சாந்தா குரூஸ் (1925–1992), அவருடைய தமக்கை விக்ரோறியா (1922–2014) ஆகிய இருவரும் அதன் கருத்துநிலைத் தலைவர்களாயினர். 1969 இல் ரொனால்டோ காம்போஸ் 'பெரு நெக்ரோ' குழுவினைத் தொடங்கினார். சரக்குப் பெட்டிகளிலிருந்து பிறந்ததென நம்பப்படும் 'கஹோன்' என்னும் மரப்பெட்டித் தாளக்கருவி, 1970களின் பிற்பகுதியில் பாக்கோ டி லூசியா வழியாக ஸ்பானிய பிளமெங்கோ இசையினுட் புகுந்தது. 2001 இல் பெருவின் தேசிய மரபுரிமையெனவும் பிரகடனப்படுத்தப்பட்டது.

இவ்வியக்கம் பற்றிய விவாதம் பெரும்பாலும் 'உண்மையா, புனைவா' என்ற தளத்திலேயே நிகழ்ந்து வந்துள்ளது. லாந்தோ போன்ற வடிவங்களிற் சில துணுக்குகளே முதியோரின் நினைவில் எஞ்சியிருந்தன. அங்கோலாவிலிருந்து வந்த 'லுண்டு' ஆடலே அதன் மூலமென்றார் நிக்கோமெடெஸ். இசையாய்வாளர் பலர் இதனை ஐயுற்றனர். விக்ரோறியாவோ எவருக்கும் நினைவில்லாத அசைவுகளை 'மூதாதையர் நினைவு' வழியாகத் தமது உடலினுள்ளிருந்தே மீட்டதாகக் கூறினார். புனைவென்று இகழ்வோரும் குருதியின் நினைவென்று போற்றுவோரும் ஒரே கருத்துமுதல்வாதத்தின் இரு பக்கங்களிலே நிற்கின்றனர் என்பது எமது எண்ணம். மரபென்பது இறந்தகாலத்தில் முழுமையாக இருந்ததொரு பொருள். கண்டெடுக்கலாம் அல்லது இழக்கலாம் என்பதே இரு சாராரதும் எடுகோளாகும். உழைப்பாளர் மரபு அவ்வாறு இருப்பதில்லை.

கரும்பும் பருத்தியும் விளைந்த கரையோரப் பெருந்தோட்டங்களிற் கறுப்பர் ஒருபோதும் தனித்து உழைத்தாரல்லர். அடிமை முறை 1854 இலேயே ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1849 முதல், சீன ஒப்பந்தக் கூலிகள் இறக்குமதி செய்யப்பட்டனர். 1874 வரையில் ஏறத்தாழ ஓரிலட்சம் பேர் வந்தனர். அவர்களை அடுத்து, முற்பணக் கடனாற் பிணைக்கப்பட்ட அந்தீஸ் மலைப்பிரதேச விவசாயிகள் கீழிறங்கினர். இக்கலப்பின் தடயத்தைத் தேடி ஆபிரிக்காவுக்குச் செல்ல வேண்டியதில்லை. சின்ச்சா மாகாணத்து எல் கார்மன் கிராமத்துக்குச் சென்றாற் போதும்.

அங்கு நத்தார் காலத்தில் ஆடப்படும் 'அதாஹோ டெ நெக்ரித்தோஸ்' பெயரளவிற் கறுப்பர் ஆடலே. ஆடுவோர் மணிகள் பூண்டு, வரிசைகளாய் நின்று, நிலத்தைப் பாதங்களாலே தாளமிட்டுத் தட்டுவர். ஆனால் அவர்களை வழிநடத்துவது பறையன்று, வயலின். அவ்வயலினிலோ அந்தீஸ் இசையின் சாயலைக் கேட்கலாம். கிறிஸ்து பிறப்பைப் போற்றும் பாடல்களோடு தோட்ட உழைப்பின் துயர் கூறும் பாடல்களும் அதில் இடம்பெறும். அமதோர் பல்யும்ப்ரோசியோ (1933–2009) இம்மரபின் வயலின் கலைஞராயும் பாதத்தாள ஆசானாயும் விளங்கினார். ஆபிரிக்கத் தூய்மையைத் தேடுவோருக்கு இவ்வயலின் ஓர் இடையூறு. எமக்கோ அது, ஒரே கங்காணத்தின் கீழ் வேலை செய்த இரு மக்கட் கூட்டத்தினரின் உறவுக்குச் சான்றாகும்.

(மலைப்பிரதேசத்து உவானுக்கோ நகரில் இதற்கு நேர்மாறான காட்சியைக் காண்கிறோம். அங்கு அதே நத்தார் காலத்திற் கறுப்பு முகமூடி அணிந்து ஆடுவோர் அடிமைகளின் கதையை நடித்துக் காட்டுவர். அதிற் பரிவு எவ்வளவு, பரிகாசம் எவ்வளவு என்பது தனியாக ஆராயத்தக்கது.)

அந்தீஸ் இசை லீமாவிலே பெற்ற வாழ்வு வேறுவகைப்பட்டது. நகருக்குக் குடிபெயர்ந்த மலைநாட்டவர் ஞாயிறுதோறும் 'கொலிசேயோ' அரங்குகளிற் கூடினர். நாவலாசிரியரும் மானிடவியலாளருமான ஹொசே மரியா ஆர்கெடாஸின் (1911–1969) தூண்டுதலால் 1940களின் இறுதியில் வாய்னோ இசைத்தட்டுகள் விற்பனைக்கு வந்தன. யாழ்வகைக் கருவியான ஆர்ப்போடும் வயலினோடும் சாக்ஸபோன் சேர்வதைத் தூய்மைவாதிகள் வெறுத்தபோதும், தட்டுகளை வாங்கிய தொழிலாளரும் வீட்டு வேலைக்காரரும் வெறுக்கவில்லை. அவர்களுக்கென ஒரு சந்தை இருந்தது. தொகையிற் சிறியவர்களாயும் சிதறியும் வாழ்ந்த கறுப்பருக்கு அத்தகைய சந்தை வாய்க்கவில்லை. ஆகவே அவர்களுடைய இசை நகர மண்டபத்தையும் உல்லாசப் பயணிகளையும் அரசையும் சார வேண்டியதாயிற்று.

அரசும் முன்வந்தது. 1968 முதல் 1975 வரை ஆட்சி செய்த ஜெனரல் வெலாஸ்கோவின் இராணுவ அரசு 1969 இல் நிலச் சீர்திருத்தத்தைச் சட்டமாக்கியது. 1975 இற் கெச்சுவாவை ஆட்சிமொழியாக்கியது. விக்ரோறியா 1973 இல் தேசிய நாட்டார் கலைக் குழுவின் பணிப்பாளரானார். இவற்றின் முற்போக்குத் தன்மையை மறுப்பதற்கில்லை. எனினும் நாட்டார் கலைகளைக் கரையோரம், மலை எனப் பிரதேசவாரியாக வகுத்து மேடையேற்றும் முறையில், எல் கார்மன் வயலினைப் போன்றவை எப்பகுதிக்கும் முழுமையாக உரியனவாகா. 2019 இல் யுனெஸ்கோ அந்த ஆடலைத் தனது பட்டியலிற் சேர்த்தது. பட்டியல் அதனை உலகறியச் செய்தது, அவ்வளவே.

மீட்டெடுப்பாளரின் சாதனையைச் சிறுமைப்படுத்துவது எம் நோக்கமன்று. கறுப்பரென்பதே இழிவெனக் கற்பிக்கப்பட்ட ஒரு சமூகத்திலே, தலைநிமிர்ந்து மேடையேறுவதற்கு ஆபிரிக்கா என்ற பெயர் தேவைப்பட்டது. ஆயின் அவ்வியக்கத்தின் வழியாக உலகப் புகழ்பெற்ற பாடலொன்றை இங்கு நினைவுகூர்வது பொருத்தமாகும். சுசானா பாக்கா பாடி, 1995 இல் வெளியான தொகுப்பொன்றின் மூலம் பரவிய 'மரியா லாந்தோ', ஓய்வறியாத உழைக்கும் பெண்ணொருத்தியைப் பற்றியது. அதன் சொற்கள் அமேசன் பிரதேசத்தவரான கவிஞர் செசார் கால்வோவினுடையவை. இசை, வெள்ளையரான சபூக்கா கிராண்டாவினுடையது. குரல், கறுப்பினப் பெண்ணினுடையது. இப்பாடலை எவருடைய மூதாதையரின் நினைவென்று சொல்வது?