உருண்டைகளுக்கு இடையே வெள்ளி
நானோ அளவில் உலோக வடிவங்களை உருவாக்க எலக்ட்ரான் கற்றை இயந்திரங்கள் உண்டு. புள்ளி புள்ளியாக எழுதும். நேரமும் பணமும் கரையும். என் மனம் ஒட்டிக்கொண்டது வேறொரு முறையில்: அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் வான் டைன் குழு 1990களில் வளர்த்தெடுத்த நானோ உருண்டை அச்சுமுறை.

சில நூறு நானோமீட்டர் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் உருண்டைகள் கலந்த தண்ணீரில் ஒரு சொட்டு, நன்றாகச் சுத்தம் செய்த கண்ணாடித் தகட்டின் மேல். அவ்வளவுதான் தொடக்கம். ஈரம் உலர உலர, தண்ணீரின் இழுப்பே உருண்டைகளை நெருக்கி, ஒவ்வொன்றையும் ஆறு சூழ நிற்கவைக்கிறது. எந்தக் கையும் அடுக்காத அடுக்கு! பிறகு வெற்றிட அறையில் வெள்ளியை ஆவியாக்கிப் படியவிடுகிறார்கள். மூன்று உருண்டைகள் கூடும் சந்துகளில் மட்டுமே அது கண்ணாடியைத் தொடும். உருண்டைகளை நீக்கினால், கோல அச்சைத் தூக்கியதும் மாவு நிற்பதுபோல முக்கோண வெள்ளித் துகள்கள் நிற்கின்றன.

அவற்றின் மேல் ஒளி பட்டால் வெள்ளியின் எலக்ட்ரான்கள் ஒன்றாக ஊசலாடுகின்றன. எந்த நிறத்துக்கு அதிகம் ஆடும் என்பதை அளவும் தடிமனும் முனையின் கூர்மையும் தீர்மானிக்கின்றன. ஒரு புரதம் வந்து ஒட்டினால் போதும், அந்த நிறம் சிவப்புப் பக்கம் நகரும். அந்த நகர்வை அளந்தால் புரதம் வந்தது தெரியும்; அதுதான் உணரி.

அடுக்கில் ஆங்காங்கே பிசகு விழும். இவ்வளவு மலிவான முறைக்கு அதைப் பொறுக்கலாம். வெள்ளி கறுத்துவிடும் என்று பலர் தங்கத்துக்குப் போகிறார்கள். ஆனால் எலக்ட்ரான்கள் அதிகம் ஆடும் அந்த நிறத்தின் முகடு கூர்மையாக வேண்டுமென்றால் வெள்ளிதான்.